சான்றிதழில் ‘2னெ இடம்’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரிசுச் சான்றிதழ், பற்றுச்சீட்டு, அழைப்பிதழ் போன்றவற்றில் எண்ணுக்குப் பின்னால் வரும் ஒட்டு (‘2ஆம்’ என்பதில் வரும் ‘ஆம்’ போன்றது) தமிழில் மட்டும் கோணலாக அச்சாவது பற்றி இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நான் வெள்ளவத்தையில் வசிப்பவள். பில் அடிக்கும், இலக்கத் துண்டு கொடுக்கும் சிறு இயந்திரங்களுக்குச் ‘சி’ என்ற கணினி மொழியில் செய்நிரல் எழுதுவது எனது தொழில். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை நிற்கிற பிள்ளைகளுக்கு வார இறுதியில் அதே மொழியைச் சொல்லிக் கொடுக்கிறேன். இந்தப் பிழை எந்த இடத்தில் பிறக்கிறது, எப்படிப் பிறக்கிறது என்பது தொழில்முறையில் எனக்குத் தெரிந்த விடயம் என்பதால்தான் எழுதத் துணிந்தேன்.

அண்மையில் எங்கள் மாடிக் குடியிருப்பில் இருக்கும் ஒரு பிள்ளை, போட்டி ஒன்றில் கிடைத்த சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினாள். “அன்ரி, இதில எத்தனையாம் இடம் எண்டு போட்டிருக்கு?” என்று கேட்டாள். பெயர் சரி, போட்டியின் பெயர் சரி. இடம் என்ற வரியில் ‘2னெ இடம்’ என்று இருந்தது. கூடவே வந்த அவளுடைய தோழியின் சான்றிதழில் ‘4வா இடம்’. இரண்டு பிள்ளைகளும் தமிழை நன்றாக வாசிப்பவர்கள். தங்களுக்குத்தான் ஏதோ விளங்கவில்லை என்று நினைத்துக் கேட்டார்கள்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்த பழைய எழுத்துரு அது. பாமினியில் ஆங்கில ‘என்’ விசையில் கொம்பு இருக்கிறது, ‘டி’ விசையில் ‘ன’ இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டாவது என்பதைக் காட்ட எண்ணின் பின்னால் போடும் ‘என்’, ‘டி’ என்ற இரண்டு எழுத்துகளின் மேல் பாமினியைப் பூசினால் கொம்பும் னகரமும் சேர்ந்து ‘னெ’ ஆகிவிடும். நான்காவதுக்குரிய ரி, எச் என்ற எழுத்துகள் ‘வா’ ஆகும். முதலிடம் பெற்ற பிள்ளைக்கு ‘1ளவ இடம்’ என்றும், மூன்றாமிடப் பிள்ளைக்கு ‘3சன இடம்’ என்றும் போயிருக்கும். பெறுபேற்றுப் பட்டியலை வாசித்துச் சான்றிதழில் வரி வரியாக இறக்கும் ஒரு சிறு செய்நிரல், எண்ணோடு ஆங்கில ஒட்டையும் சேர்த்து அனுப்பியிருக்கிறது. முழு வரிக்கும் தமிழ் எழுத்துரு போட்டவர் அதைக் கவனிக்கவில்லை. அச்சான பிறகு எடுத்து வாசித்துப் பார்க்கவும் எவரும் இருக்கவில்லை.

இந்த ஒட்டு செய்நிரலுக்குள் எப்படி வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய மொழி சி. அதில் எண்ணை அச்சிடும் பிரின்ட்எஃப் என்ற கட்டளை, கேட்டால் தசமமாகத் தரும், எண்மமாகத் தரும், பதினறுமமாகவும் தரும். ‘21ஆம்’ என்பதுபோல வரிசை எண்ணாக்கித் தரும் குறியீடு அதில் கிடையாது. திகதியை எழுதித் தரும் ஸ்ட்ரெஃப்டைம்கூட 21 என்று நிறுத்திக்கொள்ளும். மிச்சம் செய்நிரல் எழுதுபவரின் பாடு. அதனால் சி படிக்கும் ஒவ்வொருவரும் எப்போதாவது ஒருநாள் எண்ணுக்கு ஒட்டுப் போடும் சின்ன ஃபங்ஷன் ஒன்றை, அதாவது ஒரு வேலையை மட்டும் செய்யும் செய்நிரல் துண்டை, தானே எழுதுகிறார். அநேகமாக ஆங்கிலத்துக்கு மட்டும் எழுதுகிறார்.

ஆங்கிலத்துக்கு எழுதுவது நல்ல பயிற்சி, மறுக்கவில்லை. எண்ணைப் பத்தால் வகுத்த மீதி 1 என்றால் எஸ்.ரி., 2 என்றால் என்.டி., 3 என்றால் ஆர்.டி., மற்றெல்லாவற்றுக்கும் ரி.எச். ஆனால் 11, 12, 13 மூன்றும் இந்த விதிக்கு அடங்காமல் ரி.எச். எடுக்கும். பிள்ளைகள் உடனே “எண் 11ஆ, 12ஆ, 13ஆ” என்று மூன்று சோதனைகளைப் போட்டுவிட்டு முடிந்தது என்பார்கள். 111ஐக் கொடுத்துப் பார்க்கச் சொன்னால் பிழைக்கும். 212, 1013 எல்லாம் அப்படித்தான். ஆகவே முதலில் நூறால் வகுத்த மீதியைப் பார்க்க வேண்டும். அது 11 முதல் 13 வரை இருந்தால் அங்கேயே ரி.எச். என்று முடித்துவிட்டு, இல்லாவிட்டால் மட்டும் பத்தின் மீதிக்கு வர வேண்டும். மறை எண் வந்தால் சி மொழியில் மீதியும் மறையாக வரும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து வரிக்குள் அடங்கும் வேலை. ஆனால் அந்தப் பத்து வரி ஆங்கிலத்தின் விதி. எண்ணின் விதி அல்ல. இதைச் சொல்லிக் கொடுக்காமல் விடுவதால்தான் பிள்ளைகள் அந்த ஒட்டை எண்ணின் உடம்பிலேயே ஒட்டியிருப்பதாக நினைத்து, தமிழ் வரிக்கும் அதையே அனுப்புகிறார்கள்.

தமிழுக்கு என்ன வேண்டும்? 1ஆம், 2ஆம், 11ஆம், 21ஆம், 111ஆம். இலக்கத்தில் எழுதும்போது எல்லா எண்ணுக்கும் ஒரே ஒட்டு. மீதி பார்க்க வேண்டியதில்லை, விலக்கும் இல்லை. சிங்களத்தில் ‘வன’ அல்லது ‘வெனி’. அங்கும் இதே நிலைதான். உலக மொழிகளின் இத்தகைய விதிகளை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறிமுறையை வகுக்கும் யூனிகோட் அமைப்பு ஒரு தரவுத் தொகுதியாகத் திரட்டி வைத்திருக்கிறது. அதில் வரிசை எண்ணுக்கு ஆங்கிலத்துக்கு நான்கு வகை, இந்திக்கு ஐந்து வகை. இத்தாலிய மொழியில் 8, 11, 80, 800 ஆகியவை தனி வகை. தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஒரே வகை. எங்கள் நாட்டின் இரண்டு அரசகரும மொழிகளுக்கும் ஒரு வரியில் முடியும் வேலை இது. அதுதான் செய்யப்படாமல் கிடக்கிறது.

எண்ணைச் சொல்லால் எழுதும் இடங்களில் மட்டும் தமிழுக்குக் கொஞ்சம் கவனம் வேண்டும். புறக்கோட்டையில் இருப்பது முதலாம் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு என்று ஐந்தாம் குறுக்குத் தெரு வரை. 1க்கு ‘முதலாம்’. ஆனால் 21 ‘இருபத்தோராம்’. ஆங்கிலத்தில் பழகிய கையோடு கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்துச் செய்நிரல் எழுதினால் ‘இருபத்து முதலாம்’ என்று வரும். இப்படி எழுதிக்கொண்டு வந்த மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் தமிழ் தெரியாதவர்கள் இல்லை. வீட்டில் அப்படி ஒருநாளும் பேசியிருக்க மாட்டார்கள். கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஆங்கிலத்தின் விதியைத்தான் விதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தமான விடயம்.

பாமினியை விட்டு யூனிகோடுக்கு வந்துவிட்டோம், இனி இந்தக் கரைச்சல் இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். யூனிகோடில் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. அதைச் சி மொழியில் வேலை செய்பவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். பாமினியில் ‘ஆம்’ என்பது மூன்று விசை, மூன்று பைற் (பைற் என்பது கணினி நினைவகத்தை அளக்கும் சிறு அலகு). யூனிகோடை யு.ரி.எஃப்.–8 முறையில் சேமிக்கும்போது தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைற் தேவை. ‘ஆ’ ஒரு குறி, ‘ம’ ஒரு குறி, புள்ளி ஒரு குறி. ஆக ‘ஆம்’ ஒன்பது பைற். ‘21ஆம்’ என்று எழுத 11 பைற். சி மொழியில் சரம், அதாவது எழுத்துத் தொடர், முடிந்துவிட்டது என்று காட்டும் பூச்சியத்தோடு 12. ஆங்கிலத்தில் இதே 21ஐ ஒட்டோடு எழுத, பூச்சியத்தையும் சேர்த்து ஐந்து பைற் போதும்.

இப்போது ஒருவர் ஆங்கிலத்தை மனதில் வைத்து, எட்டு பைற் தாராளம் என்று இடம் ஒதுக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எழுத்துகளை நினைவகத்தில் இறக்கும் பழைய ஸ்பிரின்ட்எஃப் கட்டளை என்றால் 12 பைற்றையும் எழுதிவிடும். எட்டுக்கு அப்பால் இருந்தது வேறு ஏதாவது மாறியாக, அதாவது செய்நிரல் நினைவில் வைத்திருக்கும் வேறொரு பெறுமதியாக, இருக்கலாம். அது பில்லின் மொத்தத் தொகையாகவும் இருக்கலாம். இயந்திரம் நின்றாலாவது பிழை தெரியவரும். நிற்காமல் பிழையான தொகையை அடித்தால் என்ன செய்வது? 1999இன் சி நியமத்தில் சேர்க்கப்பட்ட எஸ்என்பிரின்ட்எஃப் எல்லை தாண்டாது. ஆனால் ஏழாவது பைற்றோடு வெட்டிவிடும். 21க்கு இரண்டு, ‘ஆ’வுக்கு மூன்று, மிச்சம் இருப்பது இரண்டு. மகரத்தின் மூன்று பைற்றில் இரண்டு மட்டும் உள்ளே வரும். அரைகுறை எழுத்தை எந்த பிரின்ரரும் வாசிக்காது. ‘21ஆ’ என்று அடித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு வெறும் கட்டத்தைப் போடும். தமிழ்ப் பற்றுச்சீட்டுகளில் கட்டம் கட்டமாக வருவதைக் கண்டவர்கள் பலர் இருப்பீர்கள். எழுத்துரு இல்லாமலும் அப்படி வரும். ஆனால் முன்னெழுத்துகள் சரியாக இருந்து கடைசியில் மட்டும் கட்டம் வந்தால், அங்கே இடம் போதாமல் வெட்டுப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். எஸ்என்பிரின்ட்எஃப் தனக்கு உண்மையில் எத்தனை பைற் தேவைப்பட்டது என்ற எண்ணைத் திருப்பித் தருகிறது. அதை வாங்கிப் பார்த்தால் இந்தப் பிழை பட்டறையிலேயே பிடிபடும்.

பில்லில் மேலிருந்து கீழாக வரும் நிரல்கள் கோணிப் போவதும் இதே காரணத்தால்தான். பிரின்ட்எஃப் மூலம் ஒரு சரத்துக்கு 14 இடம் ஒதுக்கினால் அது பைற்றைத்தான் எண்ணும், கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணாது. ஆங்கில ஒட்டோடு 21 நான்கு பைற். பத்து வெற்றிடம் சேர்க்கும். தமிழில் ‘21ஆம்’ கடதாசியில் நான்கு எழுத்துகளின் இடத்தையே எடுத்தாலும் 11 பைற் என்பதால் மூன்று வெற்றிடம்தான் சேர்க்கும். அடுத்த நிரலில் இருக்க வேண்டிய தொகை ஏழு இடம் இடப்பக்கம் வந்துவிடும். 58 மில்லிமீற்றர் அகலக் கடதாசியில் ஒரு வரிக்கு 32 எழுத்துதான். அதில் ஏழு இடம் என்பது சின்ன விலகல் இல்லை. வயதானவர்கள் பில்லைப் பிடித்துப் பார்த்து எந்தத் தொகை எந்தப் பொருளுக்கு என்று தடுமாறுவதற்கு இது போதும். தமிழ்ச் சரங்களுக்கு வெற்றிடத்தை எழுத்தெண்ணி நாமே சேர்க்க வேண்டும், பிரின்ட்எஃபிடம் விடக்கூடாது.

இடத்தை மிச்சம் பிடிக்க ‘21ம்’ என்று ஆகாரத்தை விட்டு எழுதும் வழக்கமும் இருக்கிறது. மூன்று பைற் குறையும், உண்மைதான். ஆனால் ‘21ம் 22ம்’ என்று இரண்டு எண்கள் சேர்ந்து வந்தால் 21உம் 22உம் என்று வாசிக்கவும் இடமுண்டு. மூன்று பைற்றுக்காக வாசிப்பவரைக் குழப்பக்கூடாது என்பது எனது நிலைப்பாடு. ‘ஆம்’ போடுவதா ‘வது’ போடுவதா என்று கேட்டால், சிறிய இயந்திரங்களுக்கு நான் ‘ஆம்’ என்றே சொல்வேன். ‘ம்’ என்பதற்கு மகரத்தின் மேல் ஒரு புள்ளி ஏறினால் சரி. ‘து’ அப்படி இல்லை. தகரமும் உகரமும் சேர்ந்து தனி வடிவமாக மாற வேண்டும். அதைச் சேர்த்துக் கொடுக்கும் ஆற்றல் எல்லாச் சிறு பிரின்ரருக்கும் இல்லை. ‘த’ வேறாகவும் உகரக் குறி வேறாகவும் பிரிந்து நிற்கும். பெரிய கணினியிலும் கைபேசியிலும் இந்தப் பிரச்சினை கிடையாது; அங்கே எது பொருந்துகிறதோ அதை எழுதலாம். எண்ணுக்கும் ஒட்டுக்கும் நடுவில் வெற்றிடம் விடாமல் இருப்பதும் முக்கியம். விட்டால் 21 ஒரு வரியின் கடைசியிலும் ‘ஆம்’ அடுத்த வரியின் தொடக்கத்திலும் போய் நிற்கும்.

இந்த வேலையைச் செய்யத் திட்டமிடும் இளம் செய்நிரலர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஒட்டை மட்டும் மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதாது. ஆங்கிலத்தில் மாதம், எண், ஒட்டு என்ற மூன்று துண்டையும் அடுக்கினால் திகதி முடிந்துவிடும். தமிழில் ‘மே 21ஆம் திகதி’ என்று பின்னால் இன்னொரு சொல் வேண்டும். ‘திகதிக்கு’, ‘திகதி வரை’ என்று அது நீளவும் செய்யும். துண்டுகளை ஆங்கில ஒழுங்கில் அடுக்கும் செய்நிரலில் தமிழ் ஒருபோதும் ஒழுங்காக வராது. முழு வாக்கியத்தையும் ஒரு மொழிக்கு ஒன்றாக எழுதி வைத்து, எண் வரும் இடத்தை மட்டும் வெறுமையாக விடுங்கள். லினக்ஸ் போன்ற சூழல்களில் பிரின்ட்எஃபுக்குக் கொடுக்கும் பெறுமதிகளில் எது முதலில் வர வேண்டும் என்று வாக்கியத்துக்குள்ளேயே இலக்கமிட்டுச் சொல்ல முடியும். அது சி நியமத்தில் இல்லாததால் எல்லாச் சிறு இயந்திரத்திலும் வேலை செய்யாது. அப்படியான இடத்தில் சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என்று மூன்று ஃபங்ஷன் எழுதுவதுதான் நேர்மையான வழி. தமிழுக்கும் சிங்களத்துக்கும் உரியவை ஆங்கிலத்துக்குரியதை விடக் குட்டையாகவே இருக்கும்.

எங்கெல்லாம் ஒட்டு தேவையில்லை என்பதையும் யோசிக்க வேண்டும். வைத்தியரைப் பார்க்கக் காத்திருப்பவருக்கு ‘இலக்கம் 21’ என்று துண்டு கொடுத்தால் போதும். அங்கே ‘ஆம்’ வேண்டியதில்லை. அதைச் சாட்டாக வைத்து எல்லா இடத்திலும் ஒட்டை வெட்டிவிடுவோம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பரிசில் இடம், திகதி, ஆண்டு நிறைவு, வெள்ளவத்தையின் 37ஆம் ஒழுங்கை, 42ஆம் ஒழுங்கை என்று முகவரி எழுதும் இடம், இங்கெல்லாம் ஒட்டு இல்லாமல் தமிழ் வராது.

எல்லாவற்றுக்கும் மேலாக, தங்கள் பத்திரிகையிலும் மற்றப் பத்திரிகைகளிலும் நாளாந்தம் வரும் நினைவஞ்சலிகளை நினைத்துப் பாருங்கள். 31ஆம் நாள், முதலாம் ஆண்டு, 10ஆம் ஆண்டு. அந்தியேட்டி என்ற 31ஆம் நாள் கிரியைக்கு வீட்டார் அடிக்கும் ‘கல்வெட்டு’ எனும் நினைவு நூலின் முகப்பில் பெயருக்கு அடுத்துப் பெரிதாக வருவது இந்த எண்தான். 31 என்பது ஆங்கிலத்தில் எஸ்.ரி. எடுக்கும் எண். படிவத்தை நிரப்பினால் தானாக வடிவமைத்துத் தரும் செய்நிரல் ஒன்று, அந்த ஒட்டைப் பாமினி வரிக்குள் தள்ளிவிட்டால் ‘31ளவ நாள்’ என்று அச்சாகும். துக்கத்தில் இருப்பவர்கள் புரூவ் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அச்சிட்டு முடிந்து, வந்தவர்கள் கைக்குப் போன பிறகு திருத்த முடியாத பொருள் அது. இந்த ஒரு இடத்துக்காகவேனும் செய்நிரல் எழுதுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்பேன்.

1987இல் கொண்டுவரப்பட்ட 13ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் தமிழும் அரசகரும மொழியானது. பெயர்ப்பலகைகளில் தமிழ் பிழையாக இருக்கும்போது அதைப் படம் பிடித்து அனுப்புகிறோம், தங்கள் போன்ற பத்திரிகைகள் பிரசுரிக்கின்றன, சில இடங்களில் திருத்தவும் செய்கிறார்கள். இயந்திரத்துக்குள் இருக்கும் தமிழுக்கு அப்படிக் கேட்பவர் இல்லை. பலகை ஒரு இடத்தில் நிற்கும். இயந்திரம் ஒரே பிழையைக் காலை முதல் மாலை வரை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே பாடசாலை அதிபர்களிடமும், மருந்தகம், வைத்தியசாலை, வங்கி, கடை நடத்துபவர்களிடமும் எனது வேண்டுகோள் இதுதான். மென்பொருளையோ இயந்திரத்தையோ வாங்கிக் கையொப்பமிடுமுன் 1, 2, 3, 4, 11, 12, 13, 21, 22, 23, 31, 101, 111, 112 ஆகிய எண்களைக் கொடுத்து, மூன்று மொழியிலும் அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள். திரையில் பார்த்துத் திருப்திப்படாமல் கடதாசியிலேயே கேளுங்கள். தமிழ் வாசிக்கும் ஒருவரையும் சிங்களம் வாசிக்கும் ஒருவரையும் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்கள், வகுத்தல் மீதியைச் சொல்லிக் கொடுக்கும்போது ஆங்கில ஒட்டுப் பயிற்சியோடு தமிழ், சிங்கள ஃபங்ஷன்களையும் ஒரே பாடத்தில் எழுதவைக்க வேண்டும். மூன்றையும் எழுதி, மேலே சொன்ன எண்களால் சோதித்து வைத்திருக்கிறேன். கேட்கும் பாடசாலைகளுக்குத் தங்கள் ஆசிரிய பீடத்தின் ஊடாக இலவசமாகக் கொடுத்துதவத் தயார்.

இப்படிக்கு,
செய்நிரலர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.